சமையலறை அறிவியல் கிட்: தெர்மாமீட்டருக்காக வாங்கலாம், எரிமலைக்காக வேண்டாம்

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் பெட்டி மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படத்தில் ஒரு பையன் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு, பொங்கி வழியும் நுரையைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிறான். உள்ளே இருப்பதிலேயே சுமாரான விஷயம் அந்த நுரைதான். உருப்படியானவை எதுவும் படத்தில் இல்லை.

பெயர் சொல்லவில்லை. இதே சாமான்களை இதே மாதிரி அட்டைகளோடு வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள், எதை வாங்கினாலும் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பொருந்தும். "சமையல் வழியே அறிவியல்" என்பதுதான் விளம்பரம். 6 முதல் 12 வயது வரை என்று போட்டிருக்கிறது. என் மகளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. மகளுக்கு இது சரியான வயது. சின்னவனுக்கு ஆகிற அட்டைகள் என்று பார்த்தால் ஐந்தாறு தேறும், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது? நீளமான ஊசிமுனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், 0.1 கிராம் வரை காட்டும் உள்ளங்கையளவு தராசு, பி.எச். தாள் (அமிலமா, அதற்கு எதிரான காரமா என்று நிறம் மாறிக் காட்டுவது, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஒரு கட்டு, பிளாஸ்டிக் சோதனைக் குழாய்கள், சொட்டுவிட ஒரு பில்லர், லென்ஸ், சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, அப்புறம் 36 அட்டைகள். கூடவே ஒரு ஏப்ரன், ஒரு கண்ணாடி. ஏப்ரன் ஒரே துவையலில் சாயம் போய்விட்டது, அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. கண்ணாடி நன்றாக இருக்கிறது, வெங்காயம் நறுக்க வீட்டில் எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொள்கிறோம். வெங்காயத்தை வெட்டும்போது செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து ஒரு வாயு கிளம்புகிறது. கண்ணில் படும்போதுதான் எரிச்சல் வருகிறது, ஆகவே கண்ணாடியால் கண்ணை மறைத்தால் வேலை முடிந்தது. இதற்கு 36இல் ஓர் அட்டைகூட இல்லை என்பது வேடிக்கை.

சரி, முதல் குறை அட்டைகளில்தான். செய்முறை, அதற்குக் கீழே "என்ன நடக்கும்", அதற்கும் கீழே "ஏன் நடக்கிறது" என்று எல்லாமே ஒரே பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எந்தப் பிள்ளை முதல் வரியிலிருந்து படிக்கும்? கண் நேரே கீழே போய்விடும். விடை தெரிந்துவிட்ட பிறகு அடுப்பின் முன்னால் நிற்பது சோதனை இல்லை, எழுதி வைத்ததை நடித்துக் காட்டுவது. ஆப்பிளை வெட்டி வைத்தால் பழுப்பாகும், எலுமிச்சைச் சாறு தடவினால் ஆகாது என்று அட்டையே சொல்லிவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அதையே, "நாலு துண்டு இருக்கு, ஒண்ணுல எலுமிச்சை, ஒண்ணுல உப்புத் தண்ணி, ஒண்ணுல சர்க்கரைத் தண்ணி, ஒண்ணு சும்மா. எது முதல்ல கறுக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னவன் உப்புதான் என்று சத்தியம் பண்ணாத குறை. கடற்கரையில் இரும்பு துருப்பிடிப்பதை யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதை இங்கே கொண்டுவந்து பொருத்தினான். கணிப்பு தப்பு, யோசித்த விதம் தப்பில்லை. உப்புத் தண்ணீரில் நனைத்த துண்டு சும்மா வைத்ததைவிட வெளுப்பாகவே இருந்தது, ஆப்பிளைப் பழுப்பாக்கும் நொதி உப்பில் அவ்வளவாக வேலை செய்யாது என்று பிறகு சொன்னேன். அட்டையைக் கையில் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அதனால் அட்டைகளை நான் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. நான் படித்துக்கொண்டு, செய்முறையை மட்டும் வாயால் சொல்கிறேன். நடுவில் நிறுத்தி என்ன ஆகும் என்று கேட்டு, சொன்னதை நோட்டில் எழுதவைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பது. விடையைப் பின்பக்கம் அச்சிட்டிருந்தால் இந்த வேலை மிச்சம், செலவும் கூடியிருக்காது.

இப்போது அந்த எரிமலைக்கு வருவோம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும், அதில் சிவப்பு நிறம் கலந்தால் இன்னும் ஜோர். பிள்ளைகள் கத்துவார்கள், மேசை நாறும், முடிந்தது. அட்டையில் "கரியமில வாயு உருவாகிறது" என்று ஒரு வரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அட்டை சொல்கிறது என்பதற்காகப் பிள்ளை நம்ப வேண்டுமா? பெட்டியிலேயே 0.1 கிராம் தராசு இருக்கிறது, அட்டை எழுதியவருக்கு அது நினைவுக்கே வரவில்லை.

நாங்கள் செய்தது இது. தராசின் மேல் ஒரு டம்ளரில் வினிகர், பக்கத்திலேயே ஒரு காகிதத் துண்டில் 5 கிராம் சோடா, இரண்டும் சேர்ந்து என்ன எடை என்று குறித்துக்கொண்டோம். சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, தெறிக்காமல் டம்ளரில் போட்டு, காகிதத்தையும் தராசிலேயே வைத்துவிட்டோம். நுரை அடங்க அடங்க எண் இறங்குகிறது. 0.3 குறைந்தது, 0.8, ஒன்றரை, இரண்டைத் தாண்டியது. மகள் தராசையே முறைத்துக்கொண்டிருந்தாள். "நான் எதுவும் எடுக்கலையே அப்பா, எடை எங்க போகுது?" இந்தக் கேள்விக்காக நான் எத்தனை எரிமலையையும் விட்டுக்கொடுப்பேன். கணக்கு என்னவென்றால், 84 கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் 44 கிராம் கரியமில வாயு வரும், ஆக 5 கிராமுக்கு 2.6 கிராம் சுமார். தராசு அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் கொஞ்சம் வாயு திரவத்திலேயே கரைந்து நிற்கும். டம்ளரை லேசாகக் கலக்கினால் இன்னும் சில குமிழிகள் வந்து எண் மேலும் இறங்கும். வினிகர் சாதாரண ஐந்து சதவீதமாக இருந்தால் 100 மில்லி தாராளம், குறைத்து ஊற்றினால் சோடா மிஞ்சிப்போய்க் கணக்கு உதைக்கும். டம்ளர் பெரிதாக இருக்கட்டும்.

தராசைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 500 கிராமுக்கு மேல் தாங்காது, அதனால் கனமான பாத்திரத்தைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

வெங்காய அட்டைதான் இந்தப் பெட்டியிலேயே சிறந்தது. எழுதியவர் வேறு ஆள் போலிருக்கிறது, மற்ற அட்டைகளின் சாயலே இதில் இல்லை. மூன்று முறை வெங்காயம் வதக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 100 கிராம், ஒரே கனத்தில் நறுக்கியது, அதே வாணலி, அதே அளவு எண்ணெய், அதே தீ. ஒன்றில் எதுவும் சேர்க்கக்கூடாது, ஒன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஒன்றில் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை எல்லாம் அப்படியே வை என்று பாடப்புத்தகத்தில் பத்து பக்கம் சொன்னாலும் ஏறாதது இங்கே வாணலியில் கண்முன்னால் தெரிகிறது. சோடா போட்டது சட்டென்று மஞ்சளாகி, பழுப்பாகி, மற்றது பாதி வதங்குவதற்குள் கரும்பழுப்புக்கே போய்விட்டது. எலுமிச்சை விட்டது வெளிறியே கிடந்தது, மென்றால் இன்னும் நறுக் நறுக் என்றது. சோடா போட்டது அதற்கு நேர் எதிர், கரண்டி பட்டாலே கூழாகியது. வாசனை பிரமாதம், ஆனால் வாயில் வைத்தால் லேசாக ஒரு சோப்புச் சுவை.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நிறத்துக்குக் காரணம் புரதத்தின் உறுப்புகளான அமினோ அமிலங்களும் சில சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து புதுப்புதுச் சேர்மங்களாக மாறுவது. 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விவரித்தார், அதனால் மயார் வினை என்று பெயர். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, பொன்னிறமாகப் பொரிந்த உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். சோடாவால் காரத்தன்மை கூடினால் இது வேகமாக நடக்கும், அமிலம் இருந்தால் மந்தமாகும். கூழானதற்குக் காரணம் வேறு. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் காரத்தில் சீக்கிரம் கரைந்துவிடுகிறது, அமிலத்தில் கெட்டியாக நிற்கிறது. அட்டை முதலாவதை மட்டும் சொல்கிறது. இரண்டாவதை மகள்தான் கரண்டியால் அழுத்திப் பார்த்துக் கேட்டாள், எனக்கும் தேடிப்பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இதோடு சேர்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீரில் வேகவைத்த உருளைக்கிழங்கு ஏன் எவ்வளவு நேரமானாலும் சிவப்பதில்லை? தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, மயார் வினை மளமளவென்று நடக்க 140 டிகிரி அளவுக்காவது வேண்டும். இதை வாயால் சொன்னதைவிட, கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுத் தீயைக் கூட்டிக் காட்டியதுதான் எடுபட்டது. தீ எவ்வளவு கூட்டினாலும் எண் அசையவில்லை, தண்ணீர் குதிப்பதுதான் கூடியது. குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது என்பதையும் அதிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். ஆவியை வெளியே விடாமல் அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலை 120 டிகிரி பக்கம் போகிறது. டெனிஸ் பாப்பின் 1679இல் இந்த மாதிரி மூடிய பாத்திரத்தைச் செய்து காட்டினார். பிற்பாடு அது வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வால்வும் வைத்தார், நம் குக்கரில் இருப்பதும் அதே யோசனைதான்.

தெர்மாமீட்டரைப் பற்றி இப்போது. என் கணக்கில் இந்தப் பெட்டியே இதற்காகத்தான். நிக்கலஸ் குர்டி என்று ஓர் இயற்பியலாளர், மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை ஆராய்ந்தவர், 1969இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறையில் நிற்கும் இயற்பியலாளனைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். வெள்ளிக் கோளின் காற்று எவ்வளவு சூடு என்று அளந்துவிட்டோம், அடுப்பில் வேகும் பண்டத்துக்குள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். அன்றைக்கு ஆய்வுக்கூடத்து ஆள் சொன்னதை இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளை ஓர் ஊசியைக் குத்திப் பார்த்துவிடலாம்.

ஆனால் எங்களுக்கு வந்த தெர்மாமீட்டர் பொய் சொன்னது. பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கிண்ணத்தில் விட்டுக் கிளறினால் 0 காட்ட வேண்டும், இது 1.5இல் நின்றது. விற்றவருக்கு எழுதினேன். "சமையலுக்கு இது போதும் சார்" என்று பதில் வந்தது. அறிவியல் கிட் என்று விற்றுவிட்டுச் சமையலுக்குப் போதும் என்றால் எப்படி? மாற்றித் தரவில்லை, அதற்காகவே அரை மதிப்பெண் குறைக்கிறேன். மகள் என்னைவிட விவேகி, நோட்டின் முதல் பக்கத்தில் "இது 1.5 அதிகமாக் காட்டும்" என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொள்கிறாள். கருவியைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்பதற்கு ஓர் அட்டை இருந்திருக்க வேண்டும், முதல் அட்டையே அதுவாக இருந்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் ஐஸ் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். கொதிநீரை வைத்துச் சரிபார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும், மலைமேல் இருந்துகொண்டு 100 வரவில்லையே என்று கருவியைத் திட்டக்கூடாது.

முட்டை அட்டையில் இந்த ஒன்றரை டிகிரிகூட முக்கியம். தண்ணீரை 65இல், 75இல், 90இல் என்று நிலையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை வேகவிட்டு உடைத்துப் பார்ப்பதுதான் சோதனை. எல்லாரும் வெள்ளைக்கருதான் முதலில் கெட்டியாகும் என்று நினைப்போம், கொதிநீரில் சூடு வெளியிலிருந்து உள்ளே போவதால் அப்படித்தான் ஆகும். 65இல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விட்டால் கதையே வேறு. மஞ்சள் கரு ஜாம் பதத்துக்கு வந்து உருண்டையாக நிற்கிறது, வெள்ளைக்கரு இன்னும் கொளகொளவென்று வழிகிறது. சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான், மகள் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக்கருவில் ஒரே புரதம் இல்லை, பல உண்டு. சில 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும், அதிக அளவில் இருக்கும் ஓவால்புமினுக்கு 80 பக்கம் வேண்டும். மஞ்சள் கரு 65க்கும் 70க்கும் இடையிலேயே இறுகிவிடும். இவ்வளவு கனமான விஷயத்தை ஒரு முட்டையை உடைத்துப் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டிவிட முடிகிறது.

அந்த 65 டிகிரி முட்டையைப் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், வெந்ததா இல்லையா என்று நம் வீட்டுத் தெர்மாமீட்டரை நம்பி முடிவெடுக்கிற விஷயம் இல்லை அது.

சின்னவனுக்கு இதில் வேறொரு கேள்வி வந்தது. வெண்ணெய் உருகினால் ஆறியதும் மறுபடி கட்டியாகிறது, முட்டை ஏன் ஆறினாலும் பழையபடி ஆகவில்லை? மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தால் திரும்புமா என்று பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தான். வைத்தோம். திரும்பவில்லை. அப்புறம் ஐஸ், சாக்லேட், ரொட்டி, பாப்கார்ன் என்று வரிசையாகத் திரும்பும், திரும்பாது என்று அவனே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டான். ஆறு வயதுக்கு இது போதும், புரதம் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அட்டைகளில் இருக்கும் தப்புகளைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் எழுதிய பாவத்துக்கு ஆளாவேன். ஓர் அட்டை, "உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்" என்கிறது. தலைகீழ். உப்பு கொதிநிலையை ஏற்றும், அதுவும் எவ்வளவு? ஒரு லிட்டருக்கு 10 கிராம் போட்டால் 0.2 டிகிரிகூட ஏறாது, ஒரு டிகிரி ஏற்ற வேண்டுமானால் 58 கிராம் அளவுக்குப் போட வேண்டும், அதை யாராலும் வாயில் வைக்க முடியாது. சூடாக இருக்கும் தண்ணீரில் உப்பைப் போட்டதும் குபீரென்று குமிழி கிளம்பும். உப்புத்துகள்கள் குமிழி உருவாக இடம் கொடுப்பதால் வரும் வேடிக்கை அது, அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை பரவியிருக்க வேண்டும். இன்னோர் அட்டை, இறைச்சியை முதலில் பெருந்தீயில் வாட்டினால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்கிறது. யூஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற பெரிய வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய கருத்து, தப்பென்று எப்போதோ நிரூபித்தாகிவிட்டது. வாட்டினால் மேலே நிறமும் சுவையும் வரும், நம் மயார் வினைதான், சாறு பூட்டப்படாது. வாட்டிய துண்டு, வாட்டாத துண்டு இரண்டையும் உள்ளே ஒரே சூடு வரும் வரை சமைத்து, முன்னும் பின்னும் எடை போட்டால் வீட்டிலேயே தெரிந்துவிடும். தப்பான அட்டை என்று தூக்கி எறியாமல், அட்டை சொல்வது சரியா என்று பார்க்க ஆரம்பித்ததில் மகளுக்குத்தான் கொண்டாட்டம். அதற்காக அட்டைக்காரரைப் பாராட்ட முடியாது.

நல்ல அட்டை இன்னும் ஒன்று உண்டு, மைக்ரோவேவ் இருக்கிற வீடாக இருந்தால். உள்ளே சுழலும் தட்டை எடுத்துவிட்டு, ஒரு நீளமான சாக்லேட் கட்டியைக் கிடத்தி, சில விநாடிகள் மட்டும் ஓடவிட வேண்டும். கட்டி முழுக்க உருகாது, அங்கங்கே சொட்டுச் சொட்டாக உருகியிருக்கும். உள்ளே அலைகள் மோதித் திரும்பி, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் ஓய்ந்தும் நிற்கின்றன, வலுத்த இடத்தில் சாக்லேட் உருகுகிறது. பக்கத்துப் பக்கத்து உருகல்களுக்கு நடுவே உள்ள தூரம் அலைநீளத்தில் பாதி. எங்களுக்கு 6 சென்டிமீட்டர் வந்தது, ஆக அலைநீளம் 12. மைக்ரோவேவின் பின்னால் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருக்கும், அதாவது விநாடிக்கு 245 கோடி அதிர்வுகள். 0.12 மீட்டரை அதால் பெருக்கினால் விநாடிக்கு 29.4 கோடி மீட்டர். இந்த அலைகளும் ஒளியின் வேகத்தில்தான் போகின்றன, அந்த வேகம் 30 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சமையலறை மேசையில் ஒரு ஸ்கேலும் ஒரு சாக்லேட்டும் வைத்துக்கொண்டு ஒளியின் வேகத்தை அளப்பது என்றால், எனக்கே புல்லரித்தது, மகளுக்குச் சாக்லேட் எப்போது கிடைக்கும் என்ற கவலை. ஒரு விஷயம், உருகல்கள் அவ்வளவு ஒழுங்காக வராது. ஐந்தரை என்றும் ஆறரை என்றும் வரும், அப்போது விடை 27 கோடியிலிருந்து 32 கோடி வரை ஆடும். அட்டை இதைச் சொல்லவில்லை, சரியாக 6.1 வரவேண்டும் என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். 6.1 வருகிற இடத்தைத் தேடி ஸ்கேலை நகர்த்தும் பழக்கத்தைச் சின்ன வயதிலேயே ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?

மற்ற அட்டைகள் பரவாயில்லை ரகம். பாலில் எலுமிச்சை பிழிந்து பி.எச். தாளால் பார்ப்பது, பி.எச். 4.6 பக்கம் வரும்போது பால் திரிவது, அதையே தயிரில் பாக்டீரியாக்கள் மெதுவாகச் செய்வது, எல்லாம் சரி. சிவப்பு முட்டைகோஸ் சாறு அமிலத்தில் சிவந்து, சோடாவில் நீலப்பச்சையாவது பார்க்க அழகு. பி.எச். தாள் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகிறது, முட்டைகோஸ் சாறு வைத்துக்கொண்டால் தாளே தேவையில்லை. பாப்கார்ன் அட்டை சின்னவனுக்கு ரொம்பப் பிடித்தது, சோளமணிக்குள் இருக்கும் ஈரம் 180 டிகிரி அளவில் ஆவியாக முட்டி ஓட்டை உடைக்கிறது. ஓட்டில் ஊசியால் துளை போட்ட மணிகளைத் தனியாகப் பொரித்துப் பாருங்கள், ஆவி கசிந்துவிடுவதால் பெரும்பாலும் பொரியாமல் கிடக்கும். உப்பும் சர்க்கரையும் எவ்வளவு கரையும் என்ற அட்டையும் நல்லது. 100 மில்லி தண்ணீரில் உப்பு 36 கிராமோடு நின்றுவிடும், சூடாக்கினாலும் பெரிதாகக் கூடாது, சர்க்கரையோ குளிர்ந்த தண்ணீரிலேயே 200 கிராம் வரை போய்க்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் அட்டைகள் கோட்டை விட்டிருக்கின்றன. ஒரு சோதனை தின்னலாம், அடுத்தது தின்னக்கூடாது, இரண்டுக்கும் அதே குழாய், அதே பில்லர். நான் பெட்டியிலுள்ள குழாய்களைத் தின்னக்கூடாத பக்கம் என்று ஒதுக்கிவிட்டேன், வாய்க்குப் போகிற எதுவும் சமையல் பாத்திரத்தில்தான். பச்சை முட்டையும் பச்சை மாவும் கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவணும், மாவைச் சுவைக்கவே கூடாது, மாவிலும் கிருமி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சர்க்கரையை உருக்கிக் கேரமல் செய்யும் அட்டையைப் பிள்ளைகளிடம் விடவே விடாதீர்கள். அது 160 டிகிரிக்கு மேல் போகும், தோலில் பட்டால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டே சுடும், கொதிநீரைவிட மோசம். அட்டையில் இதற்கு ஒரு சின்ன அடுப்புப் படம்தான் எச்சரிக்கை. ஈஸ்ட் மாவைப் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கும் அட்டை ஒன்றும் இருக்கிறது, உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம், மூடிக்குப் பதில் பலூனை மாட்டுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. தராசுக்கும் வெங்காய அட்டைக்கும் சாக்லேட் அட்டைக்கும் முழுசாகக் கொடுப்பேன், விடையை முன்பக்கம் அச்சிட்டதற்கும் தப்பான அட்டைகளுக்கும் ஒன்றரை போச்சு, தெர்மாமீட்டருக்குப் பதில் சொன்ன விதத்துக்கு அரை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டும் இருக்கிற வீடு என்றால் இப்போது வாங்க வேண்டாம், ஆப்பிள் துண்டும் பாப்கார்னும் போதும். வீட்டில் ஏற்கெனவே நல்ல தெர்மாமீட்டரும் தராசும் இருந்தாலும் வேண்டாம். ரீஃபில் பாக்கெட் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், பிரித்துப் பார்த்தால் சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், சோளமாவு, பி.எச். தாள். கடைசியைத் தவிர மூன்றும் மளிகைக் கடையில் கிடைக்கும், கடைசிக்குத்தான் முட்டைகோஸ் இருக்கிறதே.